ஹார்ட்ஸ் ஆஃப் அயன் 4: போர்முனையிலிருந்து பின்னோக்கிக் கற்கும் வழி

2016 ஜூன் 6 அன்று பாரடாக்ஸ் வெளியிட்ட இந்த இரண்டாம் உலகப் போர்க் கணினி ஆட்டத்தில், 1936 ஜனவரி 1ஆம் தேதி ஒரு முழு நாடு உங்கள் பொறுப்பில் வந்து நிற்கிறது. அரசியல், ஆராய்ச்சி, ஆலைகள், வணிகம், தரைப்படை, விமானப்படை, கடற்படை எல்லாமே திறந்து கிடக்கும். புதிதாக வருபவர் திரையின் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் படிக்கத் தொடங்குகிறார். இரண்டு மணி நேரம் கழித்தும் போர் தொடங்கியிருக்காது, படித்ததில் எது முக்கியம் என்றும் புரிந்திருக்காது.

உள்ளே இருப்பது ஒரே சங்கிலிதான். ஆலை ஆயுதம் செய்கிறது, ஆயுதம் டிவிஷனை (பல பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) நிரப்புகிறது, டிவிஷன் முனையில் சண்டையிடுகிறது, சப்ளை அதை உயிரோடு வைத்திருக்கிறது. 1940இல் முனை உடைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் 1937இல் கட்டிய அல்லது கட்டாத ஆலையில் இருக்கும். ஆனால் எதற்காகக் கட்டுகிறோம் என்பது தெரியாமல் ஆலையிலிருந்து கற்கத் தொடங்கினால் எதுவும் மனதில் ஒட்டாது. அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் சண்டை, பிறகு டிவிஷன், அதன்பின் உற்பத்தி, அதற்கும் பின்னால் கட்டுமானம்.

தொடங்கும் முன்

ஹிஸ்டாரிக்கல் ஃபோகஸ் என்ற அமைப்பை இயக்கி வையுங்கள். மற்ற நாடுகள் ஏறத்தாழ வரலாற்றில் நடந்தபடியே நடக்கும். எந்த ஆண்டில் எங்கே போர் வரும் என்று முன்கூட்டியே தெரிவது கற்கும் காலத்தில் பெரிய உதவி. அயர்ன்மேன் முறையை இப்போது தொடாதீர்கள். அதில் விரும்பிய இடத்தில் சேமித்துத் திரும்பிப் போக முடியாது. ஒரே சண்டையை மூன்று விதமாக முயன்று பார்ப்பதுதான் இந்த ஆட்டத்தின் நல்ல பாடசாலை. தொடக்கத்தில் 3ஆம் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். எது புரியவில்லையோ அந்த நொடியே ஸ்பேஸ் பட்டனால் நிறுத்துங்கள்.

டிஎல்சி எனப்படும், தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்புகள் எதுவும் இல்லாமல் தொடங்குவதே நல்லது. டாங்கு, கப்பல், விமானம் ஆகியவற்றை நாமே வடிவமைக்கும் பகுதிகள் டிஎல்சியோடு வந்தவை. அவை இல்லாவிட்டால் தயாராக இருக்கும் மாதிரிகளை அப்படியே உற்பத்தி செய்யலாம்.

பழைய காணொளிகளைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். 2021 நவம்பரில் வந்த 1.11 பதிப்பு சப்ளை முறையையும், ஒரு சண்டையில் ஒரே நேரத்தில் எவ்வளவு படை இறங்கலாம் என்ற அகலக் கணக்கையும் முழுக்க மாற்றியது. 7 காலாட்படைக்கு 2 பீரங்கி, 40 அகல டிவிஷன் போன்ற அறிவுரைகள் எல்லாம் அதற்கு முந்தைய காலத்தவை. முனையின் அகலம் எல்லா நிலத்திலும் 80 என்றிருந்தபோது 20, 40 என்ற எண்கள் சரியாகப் பொருந்தின. இன்று அந்தக் காரணம் இல்லை.

முதல் அமர்வு: இத்தாலியும் எத்தியோப்பியாவும்

1936இல் இத்தாலியை எடுங்கள். எத்தியோப்பியாவோடு போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். ஆட்டத்தோடு வரும் பயிற்சியும் இத்தாலியை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. இந்த அமர்வில் ஆலை, ஆராய்ச்சி எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தப் பட்டியல்களில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போங்கள்.

ஆட்டத்தை நிறுத்திவைத்து, எரித்ரியாவில் உள்ள டிவிஷன்களைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஒரே படையாக்குங்கள். ஒரு தளபதியை நியமியுங்கள். ஒரு தளபதிக்குக் கீழ் 24 டிவிஷன் வரை தண்டமில்லாமல் நிற்கும். எல்லையில் முனைக்கோடு வரைந்து, எதிரி நிலத்துக்குள் எதுவரை போக வேண்டுமோ அங்கே தாக்குதல் கோடு ஒன்று வரையுங்கள். சில நாட்கள் காத்திருந்தால் திட்டத்துக்கான போனஸ் ஏறும். அது ஏறும் முன்பே தாக்குவது தொடக்கக்காரர்களின் வழக்கமான அவசரம். தெற்கே சோமாலியாவில் உள்ள படைக்கும் இதே வேலையைச் செய்யுங்கள்.

தாக்குதல் தொடங்கியதும் வரைபடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு குமிழ் தோன்றும். அதன்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். ஆறு கடப்பது, மலை, எதிரி தோண்டிய பதுங்குகுழி, இரவு, வான் ஆதிக்கம், திட்டப் போனஸ் என்று கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கே பட்டியலாக இருக்கும். முதல் அமர்வின் நோக்கம் அந்தப் பட்டியலை வாசிக்கப் பழகுவதுதான். ஒவ்வொரு சிவப்புக் குமிழுக்கும் ஏன் சிவப்பு என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

எத்தியோப்பியாவில் மலையும் குறைவான சப்ளை மையங்களும் சேர்ந்து இன்னொரு பாடம் கற்பிக்கும். நகர்வு தடைப்பட்டதும் மேலும் டிவிஷன்களை அனுப்பத் தோன்றும். அனுப்பினால் அதே சப்ளையைப் பங்கிட இன்னும் பல வாய்கள் சேர்கின்றன, எல்லோருமே பலவீனமாகிறார்கள். வரைபட முறைகளில் சப்ளையைத் தேர்ந்தெடுத்துப் பார்த்து, பற்றாக்குறை உள்ள இடத்திலிருந்து படையைக் குறையுங்கள். நகர்வு மீண்டும் தொடங்குவதைக் காண்பீர்கள். அடிஸ் அபாபா உள்ளிட்ட வெற்றிப்புள்ளி நகரங்கள் போதுமான அளவு கைக்கு வந்ததும் எத்தியோப்பியா சரணடையும். அங்கே அமர்வை முடித்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். டிவிஷன் வடிவமைப்பு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு டிவிஷனுக்கும் இரண்டு பட்டைகள் உண்டு. பச்சைப் பட்டை ஆர்கனைசேஷன், மற்றது பலம். ஆர்கனைசேஷன் தீர்ந்தால் டிவிஷன் பின்வாங்கும். பலம் தீர்ந்தால் அழியும். சாதாரணச் சண்டையில் முதலில் தீர்வது ஆர்கனைசேஷன்தான். ஆகவே தோற்ற டிவிஷன் பின்னால் போய் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வந்து நிற்கும். எதிரியை ஒரே இடத்தில் பத்து முறை தோற்கடித்தும் போர் முடியாமல் இழுப்பது இதனால்தான். பின்வாங்க இடமில்லாதபடி சுற்றிவளைக்கப்பட்ட டிவிஷனோ, தோற்ற அந்தக் கணத்திலேயே முழுவதுமாக அழிகிறது. இந்த ஆட்டத்தில் போரை வெல்வது என்றால் சுற்றிவளைப்பது.

அடுத்து, அடி விழும் கணக்கு. காக்கும் டிவிஷனுக்கு டிஃபென்ஸ் என்ற எண்ணும், தாக்கும் டிவிஷனுக்கு பிரேக்த்ரூ என்ற எண்ணும் கேடயமாகின்றன. கேடயம் மிச்சமிருக்கும் வரை ஓர் அடி படுவதற்கு வாய்ப்பு 10%. கேடயம் தீர்ந்தபின் வரும் ஒவ்வோர் அடிக்கும் 40%. நான்கு மடங்கு வித்தியாசம். காலாட்படைக்கு டிஃபென்ஸ் அதிகம், பிரேக்த்ரூ மிகக் குறைவு. டாங்குக்கு பிரேக்த்ரூ அதிகம். காலாட்படையை வைத்து எல்லா இடத்திலும் தாக்கினால் ஆளும் துப்பாக்கியும் கரைந்துபோவது ஏன் என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. காலாட்படை கோட்டைப் பிடித்து நிற்கட்டும், டாங்கு உடைக்கட்டும்.

மூன்றாவது அகலம். சமவெளியில் ஒரு திசையிலிருந்து 70 அகலம் வரை சண்டையில் இறங்கலாம், காட்டில் 60, மலையில் 50. கூடுதலாக ஒரு திசையிலிருந்து தாக்கினால் அதில் பாதி கூடும். எல்லையை மீறினால் தண்டம் விழும், மிஞ்சிய டிவிஷன் வரிசையில் காத்திருக்கும். இந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகின்றன. சண்டைச் சாளரத்தில் தெரியும் எண்ணையே கடைசி வார்த்தையாகக் கொள்ளுங்கள். ஒன்றைவிட இரண்டு திசைகளிலிருந்து தாக்குவது எப்போதும் நல்லது என்பது மட்டும் மாறவில்லை.

இரண்டு டெம்ப்ளேட் போதும்

டெம்ப்ளேட் என்பது ஒரு டிவிஷனில் எந்தெந்தப் பட்டாலியன் எத்தனை என்ற வரைவு. முதல் டெம்ப்ளேட் கோடு காக்க. 9 காலாட்படை பட்டாலியன், துணையாக இன்ஜினியர் கம்பெனி, சப்போர்ட் பீரங்கி கம்பெனி. காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கு அகலம் 2, ஆக மொத்தம் 18. சமவெளியில் நான்கு நிற்கும்போது 72 ஆகி எல்லையைச் சற்றே தாண்டும், அந்தச் சிறு தண்டம் பொருட்படுத்த வேண்டியதல்ல. இன்ஜினியர் கம்பெனி பதுங்குகுழியை ஆழமாக்குவதால் காவலுக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது.

இரண்டாவது டெம்ப்ளேட் உடைக்க. 6 நடுத்தர டாங்கு பட்டாலியன், 4 மோட்டார் காலாட்படை பட்டாலியன். டாங்கை மட்டும் வைத்து ஏன் கட்டக்கூடாது? ஆர்கனைசேஷன் பட்டாலியன்களின் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. டாங்குக்கு 10, மோட்டார் காலாட்படைக்கு 60. பத்தும் டாங்கு என்றால் சராசரி 10தான், சில மணி நேரத்தில் சண்டை நின்றுவிடும். ஆறுக்கு நான்கு என்று கலந்தால் தோராயமாக 30. தாக்கும் டிவிஷனுக்கு அதற்குக் கீழே போவது நல்லதல்ல. சாதாரணக் காலாட்படையை இதில் கலக்காதீர்கள். டிவிஷனின் வேகம் அதில் மிக மெதுவாக நகரும் பட்டாலியனின் வேகம்தான்.

டெம்ப்ளேட்டை மாற்ற ராணுவ அனுபவப் புள்ளி வேண்டும். அமைதிக் காலத்தில் டிவிஷன்களைப் பயிற்சியில் இறக்கினால் அது சேரும். பயிற்சியிலும் ஆயுதம் தேயும் என்பதால் கையிருப்பு மைனஸில் போகிறதா என்று பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அமர்வு: கணக்கோடு உற்பத்தி

இப்போது 1936இல் ஜெர்மனியை எடுங்கள். தொழில்வளம் மிகுதி, போர் வரும் தேதி தெரியும், மூன்றரை ஆண்டு தயாரிக்க நேரம் இருக்கிறது. கணக்குப் படிக்க இவ்வளவு வசதியான இடம் வேறில்லை.

எத்தனை டிவிஷன் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிறகு பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலாட்படை பட்டாலியன் ஒன்றுக்கு 100 துப்பாக்கி. 9 பட்டாலியனுக்கு 900. 24 டிவிஷன் கொண்ட ஒரு படைக்கு 21,600. ஒரு ராணுவ ஆலை முழுத் திறனில் நாளுக்கு 4.5 உற்பத்திப் புள்ளி தரும். ஆனால் உற்பத்தித் திறனின் உச்சவரம்பு தொடக்கத்தில் 50%தான், அதாவது 2.25. முதல் தரத் துப்பாக்கி ஒன்றின் விலை 0.5 புள்ளி. ஓர் ஆலை நாளுக்கு நாலரைத் துப்பாக்கி செய்யும். 10 ஆலைகள் இருந்தால் 480 நாள். போரில் அன்றாடம் தேயும் துப்பாக்கி இதில் சேரவில்லை.

டாங்கு டிவிஷனுக்கும் இதே வழி. 6 பட்டாலியனுக்குப் பட்டாலியன் ஒன்றுக்கு 50 வீதம் 300 டாங்கு, 4 மோட்டார் பட்டாலியனுக்கு 200 லாரி. ஐந்து டிவிஷனுக்கு 1,500 டாங்கு. ஒரு டாங்குக்கு 12 புள்ளி என்று வைத்தால் 18,000 புள்ளி. 20 ஆலைகள் 400 நாள் உழைக்க வேண்டும். 1939 செப்டம்பரில் ஐந்து டாங்கு டிவிஷன் நிற்க வேண்டுமானால் 20 ஆலைகள் 1938 கோடைக்குள் டாங்கு உற்பத்தி வரிசையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திறன் படிப்படியாகத்தான் ஏறும் என்பதால் உண்மையில் இன்னும் சில மாதம் முன்பே.

திறன் பற்றி ஒரு முக்கிய விஷயம். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வோர் ஆலையும் 10% திறனில் தொடங்கி நாளாக நாளாக ஏறும். துப்பாக்கி வரிசையை டாங்கு வரிசையாக மாற்றினால் ஏறிய திறன் பெரும்பாலும் போய்விடும். அதே ஆயுதத்தின் அடுத்த தரத்துக்கு மாற்றினால் கணிசமான பகுதி மிஞ்சும். எனவே 1936இலேயே எல்லா வரிசைகளையும் திறந்துவிடுங்கள், ஓர் ஆலை மட்டும் போட்டாவது. துப்பாக்கி, சப்போர்ட் உபகரணம், பீரங்கி, லாரி, போர்விமானம், தரைத்தாக்குதல் விமானம், பிறகு டாங்கு. இடையில் வரிசையை மாற்றி மாற்றி விளையாடுபவரின் நாட்டில் எந்த ஆயுதமும் போதுமான அளவு சேராது.

ஆயுதக் கையிருப்பைக் காட்டும் லாஜிஸ்டிக்ஸ் திரையை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தப் பொருளில் சிவப்பு எண் நிற்கிறதோ அங்கே ஆலையைக் கூட்டுங்கள். சப்போர்ட் உபகரணத்தை எல்லோரும் மறப்பார்கள். துணைக் கம்பெனிகள் அனைத்தும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

மூலப்பொருள் பற்றாக்குறை வரிசையில் சிவப்புக் குறியாகத் தெரியும். வணிகத்தில் ஒரு சிவிலியன் ஆலைக்கு (ஆயுதம் செய்யாமல், கட்டுமானத்துக்கும் வணிகத்துக்கும் உதவும் ஆலை) 8 அலகு கிடைக்கும். பற்றாக்குறை 3 அலகு என்றாலும் விலை ஓர் ஆலைதான், ஆகவே எட்டையும் பயன்படுத்தும்படி வரிசைகளை அமையுங்கள். ஜெர்மனிக்கு எண்ணெயும் ரப்பரும் நிரந்தரக் குறை. ருமேனியாவின் எண்ணெயையும் செயற்கைச் சுத்திகரிப்பு ஆலைகளையும் 1938லேயே யோசித்து வையுங்கள்.

ஆலை கட்டும் கணக்கு

சிவிலியன் ஆலைக்கு 10,800 புள்ளி, ராணுவ ஆலைக்கு 7,200. ஒரு சிவிலியன் ஆலை நாளுக்கு 5 புள்ளி கட்டும், ஒரு கட்டுமானத்தில் அதிகபட்சம் 15 ஆலைகள் இறங்கலாம். ஆக நாளுக்கு 75 புள்ளி, 144 நாளில் ஒரு புதிய சிவிலியன் ஆலை. மாநிலத்தின் உள்கட்டமைப்பு ஒவ்வொரு நிலைக்கும் வேகம் 20% கூடும். 5ஆம் நிலை உள்ள மாநிலத்தில் இதே ஆலை 72 நாளில் முடியும். கட்டுமானப் பட்டியலில் மாநிலங்களை உள்கட்டமைப்பு வரிசையில் தேர்ந்தெடுப்பது ஒரு காசும் செலவில்லாத லாபம்.

எப்போது சிவிலியன் ஆலையை நிறுத்தி ராணுவ ஆலைக்கு மாறுவது? புதிதாகக் கட்டிய சிவிலியன் ஆலை தன் விலையைத் திருப்பித் தர 10,800ஐ 5ஆல் வகுத்தால் 2,160 நாள். வேகம் இரட்டிப்பானால் 1,080 நாள், ஏறக்குறைய மூன்று ஆண்டு. 1936 நடுவில் முடிந்த ஆலை 1939 போருக்கு முன் முதலைத் திருப்பிவிடும். 1938இல் முடிவது திருப்பாது. 1939 போரைக் குறிவைப்பவர் 1937 இறுதியிலிருந்து 1938 நடுவுக்குள் மாற வேண்டும். 1941 வரை போருக்கு வராத நாட்டுக்கு அந்த எல்லை அதே அளவு தள்ளிப்போகும்.

நுகர்வுப் பொருள் விழுங்கும் ஆலைகளையும் கவனியுங்கள். சிவிலியன் எகானமி சட்டத்தில் மொத்த ஆலைகளில் 35% போகும், பார்ஷியல் மொபிலைசேஷனில் 25%, வார் எகானமியில் 20%. இந்தச் சதவீதம் ராணுவ ஆலைகளையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டு, சிவிலியன் ஆலைகளிலிருந்து மட்டும் கழிக்கப்படுகிறது. 60 சிவிலியன், 40 ராணுவம் உள்ள நாட்டில் 35% சட்டம் இருந்தால் கட்டுவதற்கு மிஞ்சுவது 25. சட்டம் 25%க்கு இறங்கினால் 35. ஒரே கையெழுத்தில் பத்து ஆலை கிடைக்கிறது.

அதனால்தான் சட்டம் மாற்றவும் ஆலோசகரை நியமிக்கவும் செலவாகும் பொலிட்டிக்கல் பவர் புள்ளிகளின் முதல் செலவு பொருளாதாரச் சட்டமாக இருக்க வேண்டும். அடிப்படை வரவு நாளுக்கு 2. ஓடிக்கொண்டிருக்கும் ஃபோகஸ் (நாட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேசிய இலக்கு) அதில் நாளுக்கு 1 எடுத்துக்கொள்ளும். 150 புள்ளி சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வரிசை முக்கியம்: சட்டம், பிறகு பொலிட்டிக்கல் பவர் கூட்டும் ஆலோசகர், பிறகு கட்டுமானம் அல்லது ஆராய்ச்சிக்கு உதவுபவர்கள். தளபதிகளும் வடிவமைப்பு நிறுவனங்களும் காத்திருக்கலாம். ஜெர்மனிக்கு ரைன்லாண்ட் ஃபோகஸை முதலில் எடுப்பது வழக்கம்.

ஆராய்ச்சியில் இயந்திரக் கருவிகள், கட்டுமானம், கணிப்பொறி ஆகிய மூன்றும் முதலில். அந்தந்த ஆண்டுக்கு முன்பே ஒரு நுட்பத்தை எடுத்தால் நேரம் வீணாகும்.

போலந்து, பிரான்ஸ்: சுற்றிவளைக்கப் பழகுவது

1939இல் போலந்துப் போர் தொடங்கும்போது காலாட்படைக்கு முனைக்கோடு மட்டும் வரையுங்கள். வரைந்த கோடுகளின்படி படையைத் தானே நகர்த்தும் பேட்டில் பிளானரிடம் டாங்கு டிவிஷன்களைக் கொடுக்காதீர்கள், கையால் நகர்த்துங்கள். பிளானர் முனை முழுக்க ஒரே நேரத்தில் தாக்கி, டாங்கை ஆறு கடக்கவும் மலையேறவும் அனுப்பிவிடும்.

டாங்குகளை நான்கைந்தாக இரண்டு குழுக்களாக்கி, எதிரிப்படை திரண்டிருக்கும் பகுதியின் இரு பக்கமும் நிறுத்துங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே மாகாணத்தை மட்டும் தாக்கட்டும், முடிந்தால் இரு திசைகளிலிருந்து. உடைந்ததும் நிற்காமல் உள்ளே போய் இரு குழுக்களும் சந்திக்க வேண்டும். ஷிஃப்ட் அழுத்தி வலச் சொடுக்கினால் வழியை முன்கூட்டியே வரிசைப்படுத்தலாம். திறந்த பக்கங்களில் மோட்டார் காலாட்படையையோ பின்னால் வரும் காலாட்படையையோ நிறுத்தாவிட்டால் சுற்றிவளைத்தவரே சுற்றிவளைக்கப்படுவார். வளையம் மூடியபின் உடனே உள்ளே பாய வேண்டாம். சப்ளை இழந்த எதிரி சில நாளில் தானாகவே பலவீனமாவான்.

அதே நேரம் மேற்கே பிரான்ஸ் எல்லையில் போதுமான காலாட்படை நிற்க வேண்டும். மாஜினோ கோட்டை வரிசையில் தாக்குவது ஆளைக் கொட்டி வீணாக்குவது. பெனலக்ஸ் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்) வழியாகச் சுற்றிப் போய் கடற்கரையை எட்டினால் வடக்கே உள்ள பிரெஞ்சுப் படை துண்டிக்கப்படும்.

தாக்குதல் நின்றால் இந்த வரிசையில் சோதியுங்கள்: அந்த இடத்தில் சப்ளை இருக்கிறதா, பச்சைப் பட்டை நிறைந்திருக்கிறதா, டிவிஷனில் ஆயுதம் நிறைந்திருக்கிறதா, வான் ஆதிக்கம் யாரிடம், அகலம் மீறுகிறதா. ஐந்தில் ஒன்று நிச்சயம் சிவப்பாக இருக்கும்.

சப்ளை

சோவியத் எல்லையைத் தாண்டியதும் இதுவரை போதுமானதாக இருந்த எல்லாம் போதாமல் போகும். சப்ளை தலைநகரிலிருந்து இரயில்பாதை வழியாக மையங்களுக்கு வந்து, அங்கிருந்து சுற்றுப்புறத்துக்குப் பரவுகிறது. பாதைக்கு 1 முதல் 5 வரை நிலை உண்டு. வழியில் எங்கே நிலை மிகக் குறைவோ அதுதான் முழுப் பாதையின் அளவு. நடுவில் ஒரே ஒரு துண்டு 1ஆம் நிலையில் இருந்தால், மற்றதை 5 ஆக்கியும் பயனில்லை. அந்தத் துண்டைக் கண்டுபிடித்து அதை மட்டும் உயர்த்துங்கள். இரயில் எஞ்சின்களும் ஆலையில் செய்யப்பட வேண்டியவை, அவற்றுக்கு ஒரு வரிசை வேண்டும். மையங்களில் லாரியை ஒதுக்கினால் சப்ளை எட்டும் தூரம் கூடும்.

முன்னேற்றத்தின் இலக்கை அடுத்த சப்ளை மையமாக வையுங்கள். மையத்தைப் பிடித்து, பாதை சேரும் வரை நின்று, ஆர்கனைசேஷன் நிறைந்ததும் மீண்டும் நகருங்கள்.

வானும் கடலும்

வானில் தொடக்கத்துக்கு இரண்டே வகை போதும். போர்விமானம் வான் ஆதிக்கத்துக்கு, தரைத்தாக்குதல் விமானம் சண்டைக்கு உதவ. விமானத் தளத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 200 விமானம் நிற்கும். தளம் தொலைவில் இருந்து விமானத்தின் வீச்சு அந்தப் பகுதியை முழுதாகத் தொடாவிட்டால், ஆயிரம் விமானம் அனுப்பினாலும் சிலநூறின் வேலைதான் நடக்கும். முனை நகரும்போது தளத்தையும் மாற்றுங்கள். முன்னேறிய படைக்கு விமான உதவி திடீரென்று நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடற்படையை முதல் இரண்டு ஆட்டங்களில் ஆழமாகக் கற்க வேண்டாம். கடல் தாண்டித் தரையிறங்கத் தேவையானது மட்டும்: போகும் வழியின் கடல் மண்டலங்களில் ஆதிக்கம், புறப்படும் துறைமுகம், கான்வாய் கப்பல்கள், திட்டம் தயாராகும் நாட்கள். இறங்கும் இடத்தைத் துறைமுகத்துக்கு அடுத்த கரையாகத் தேர்ந்தெடுங்கள். இறங்கிய படையிடம் சில நாளுக்கான கையிருப்புதான் இருக்கும். அதற்குள் துறைமுகம் கைக்கு வர வேண்டும். இரண்டு மூன்று கரைகளில் ஒரே நேரத்தில் இறங்கினால் காவல் குறைந்த ஒன்றாவது திறக்கும், மற்ற டிவிஷன்களைப் பிறகு அந்தத் துறைமுகத்திலேயே இறக்கலாம்.